ஐ.சி.யு. வாசலில் காத்திருக்கும் உங்களுக்கு



உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஐ.சி.யு. கதவுக்கு எதிரே போட்டிருக்கும் இரும்பு நாற்காலியில் ஒரு கட்டைப்பை, ஒரு பிளாஸ்க், ஒரு போர்வையோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். கதவு திறக்கும்போதெல்லாம் பதறி எழுந்து நிற்கிறீர்கள். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் மருந்துச் சீட்டை நீட்டினால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் மருந்துக்கடைக்கு ஓடுகிறீர்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வந்து பார்த்துவிட்டுப் போகும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லியே களைத்துப் போகிறீர்கள்.

நான் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். அதில் 22 ஆண்டுகள் அந்தக் கதவுக்கு உட்பக்கம் கழிந்தன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அதன்பின் நான்கு ஆண்டு ஒரு தனியார் மருத்துவமனையிலும் இருந்தேன். இத்தனை ஆண்டுகளில் உங்களில் பல்லாயிரம் பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “சிஸ்டர், எப்படி இருக்காங்க?” நான் சொன்னதும் ஒரே பதில்தான்: “ஸ்டேபிளா இருக்காங்க.” அந்தப் பதிலில் ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரியும். ரத்த அழுத்தத்துக்கு மூன்று மருந்து ஏறிக்கொண்டு, அது நேற்று போலவே இன்றும் ஏறினால் அதற்கும் ஸ்டேபிள் என்றுதான் பெயர். நாளை வார்டுக்குப் போகப்போகிறவருக்கும் ஸ்டேபிள் என்றுதான் பெயர்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய வேறு இரண்டு கேள்விகள் உண்டு. எதற்காக உள்ளே போகிறார்? என்ன ஆனால் வெளியே வருவார்? இவற்றைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடுவேன். கேட்காமலே சொல்லியிருக்க வேண்டியது எங்கள் கடமை. நாங்களும் சொல்லவில்லை. இந்த மடலை எழுத அதுதான் காரணம்.

ஐ.சி.யு. பற்றி நம் ஊரில் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. உள்ளே போனால் திரும்ப மாட்டார்கள் என்பது ஒன்று. உள்ளே போட்டுவிட்டால் எப்படியும் காப்பாற்றிவிடலாம் என்பது இன்னொன்று. ஒரே குடும்பத்திலேயே அண்ணன் ஒன்றைச் சொல்லித் தம்பி மற்றதைச் சொல்லி, அந்த நாற்காலிகளுக்கு முன்னாலேயே சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே தப்பு.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பதினான்கு வயது. கோடைக்காலம், வீட்டில் எல்லாரும் தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள். விடியற்காலை வயிறு வலிக்கிறது என்றிருக்கிறான். அஜீரணம் என்று ஓமத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இமையைத் தூக்க முடியவில்லை, எச்சிலை விழுங்க முடியவில்லை. கட்டுவிரியன். அது கடித்தால் பெரிய வலியோ வீக்கமோ இருக்காது, பல் பட்ட இடமே தெரியாமல் போவதும் உண்டு. 108-இல் எங்களிடம் வந்தபோது அவனுக்கு மூச்சு நின்றுகொண்டிருந்தது. கண் பாவை விரிந்து அசையாமல் இருந்தது. பார்த்தவர்கள் முடிந்துவிட்டது என்றார்கள். முடியவில்லை. அந்த விஷம் மூச்சை இழுக்கிற தசையைக் கட்டிப்போடுமே தவிர மூளையைத் தொடுவதில்லை. விஷமுறிவு மருந்து போட்டு, தொண்டையில் குழாய் வைத்து, வென்டிலேட்டரில் போட்டோம். அவனுக்கு வேண்டியிருந்தது, அந்தக் கட்டு தானாக அவிழும்வரை அவனுக்குப் பதிலாக யாராவது மூச்சு விடுவது மட்டும்தான். ஆறாம் நாள் குழாயை எடுத்தோம். எடுத்த பிறகு என்னிடம் அவன் சொன்னது: “எங்கம்மா பக்கத்துல நின்னு அழுதது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு.” பத்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனான்.

ஐ.சி.யு. என்ற ஒன்று உலகத்தில் பிறந்ததே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொத்துக்கொத்தாகக் குழந்தைகளைத் தாக்கியது. மூச்சுத் தசை செயலிழந்து பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், ஆகஸ்ட் மாத இறுதியில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்துக் காட்டினார். அதன்பின் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு குழந்தைக்கும் கையாலேயே மூச்சு கொடுத்தார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டே அதே நகரில் இப்சன் இதற்கென்று தனி வார்டு ஒன்றைத் தொடங்கினார். அங்கே எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள், கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தால் தானாகவே எழுந்துவிடக்கூடியவர்கள். பரிசலில் ஏறுகிறவன் அக்கரை ஒன்று இருக்கிறது என்று தெரிந்துதான் ஏறுகிறான். ஐ.சி.யு.வும் அப்படித்தான். அக்கரை இல்லாத ஆற்றில் ஏற்றிவிட்டால், ஏறியவர் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்.

நம் நாட்டில் யாரை உள்ளே எடுப்பது, எப்போது வெளியே அனுப்புவது என்பதற்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 24 வல்லுநர்கள் சேர்ந்து எழுதியது. சில பக்கங்கள்தான். மருத்துவர்களுக்காக எழுதப்பட்டிருந்தாலும் அதில் உங்களுக்கு உரிய செய்தி நிறைய இருக்கிறது என்பதால் என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒரு வியாதியின் பெயரை வைத்து உள்ளே எடுப்பதில்லை. உடம்பில் எந்த உறுப்பு தடுமாறுகிறது, அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமா என்பதை வைத்தே எடுக்க வேண்டும். புதிதாக நினைவு தடுமாறுகிறதா? ரத்த ஓட்டம் நிலைகொள்ளாமல் இருக்கிறதா? மூச்சுக்கு இயந்திரத் துணை வேண்டுமா? பெரிய அறுவை சிகிச்சை முடிந்து வந்திருக்கிறாரா, அறுவையின்போது இதயமோ மூச்சோ சிக்கல் கொடுத்ததா? இவையெல்லாம் அதில் உண்டு. இன்னொன்றும் உண்டு. இப்போது நன்றாக இருந்தாலும் இனி மோசமாகும் என்று கணிக்கத்தக்க நோய்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எங்களுக்கும் உங்களுக்கும் அடிக்கடி மனக்கசப்பு வரும். “நடந்து வந்தவரை ஏன் உள்ளே போட்டீங்க? பில் போடுறதுக்கா?” என்று கேட்பீர்கள். சில இடங்களில் அந்தச் சந்தேகம் நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் பூச்சிமருந்து குடித்து வந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கண்டம் தப்பி, இரண்டாம் நாள் பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார். குடும்பமே நிம்மதியாகிவிடும். ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும் ஆபத்து அவருக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் நாங்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து, “தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க பார்ப்போம்” என்று சொல்வோம். தலை தூக்க முடியவில்லை என்றால் மூச்சு நிற்கும் ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். வார்டில் ஒரு நர்ஸ் முப்பது நாற்பது பேரைப் பார்க்கும் இடத்தில், அந்தத் தலையை யாரும் பார்க்க மாட்டார்கள். பேசிக்கொண்டிருப்பவரை உள்ளே வைத்திருந்தால் கோபப்படாதீர்கள். எதைக் கண்காணிக்க வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். உண்மையான காரணம் இருந்தால் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட முடியும். சொல்ல முடியாமல் திணறினால் மறுபடி கேளுங்கள்.

படுக்கை இல்லாத இரவுகளும் உண்டு. அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த எவருக்கும் அந்த இரவுகள் மறக்காது. ஒரு படுக்கை, மூன்று பேர். ஒருவர் முதலில் வந்தார், ஒருவர் பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்தார், ஒருவர் கடைசியில் வந்தார். முதலில் வந்தவருக்குக் கொடுங்கள் என்பது ரேஷன் கடையில் நியாயம். இங்கே யாருக்கு அந்தப் படுக்கையால் உயிர் திரும்புமோ அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அவசரப் பிரிவுக்குள் நுழையும்போதே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிப்பதும் இதே கணக்கில்தான். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசல்களில் வரிசையாக நின்றபோது, இந்தக் கணக்கை யார் போடுவது, எதை வைத்துப் போடுவது என்று எழுதிவைத்த ஒன்று கையில் இல்லாமல், இரண்டு வருடம்கூட அனுபவம் இல்லாத பயிற்சி மருத்துவர்கள் தனியாக நின்று முடிவெடுத்தார்கள். சிலர் இன்றும் அதைச் சுமக்கிறார்கள். இடப்பற்றாக்குறை வந்தால் யாருக்கு முன்னுரிமை என்பது வெளிப்படையாக, எழுத்தில், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உங்கள் ஊர் மருத்துவமனையில் அப்படி எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்று. படுக்கைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நோயாளியை அப்படியே ஸ்ட்ரெச்சரில் விட்டுவிடக் கூடாது. ரத்த அழுத்தம், நாடி, மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, சிறுநீர் அளவு, நினைவு இவற்றைக் காத்திருக்கும்போதும் தொடர்ந்து பார்க்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்றால் போய்ச் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம். “சிஸ்டர், கடைசியா எப்ப பி.பி. பார்த்தீங்க?” என்று கேட்டால் போதும், நாங்கள் ஓடி வருவோம்.

இனி சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கடினமானது.

என் அப்பாவுக்கு 81 வயது. நுரையீரல் பல ஆண்டாகக் கெட்டுப்போய், மூன்று ஆண்டு வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்திருந்தோம். கழிப்பறைவரை நடந்தால் அரை மணி நேரம் மூச்சு வாங்கும். “என்னை இந்தத் திண்ணையிலேருந்துதான் தூக்கணும்” என்று அவர் பல தடவை சொல்லியிருந்தார். ஒரு மழைக்காலத்தில் சளி கட்டி மூச்சுத்திணறல் அதிகமானது. துபாயிலிருந்த தம்பி போன் போட்டு, “செலவைப் பத்தி யோசிக்காத அக்கா, பெரிய ஆஸ்பத்திரியா பார்த்துச் சேர்” என்றான். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பணம் அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை, அவனை நான் குறை சொல்லவில்லை. சேர்த்தேன். வென்டிலேட்டரில் போட்டார்கள். நான்காம் நாள் சிறுநீர் குறைந்தது, டயாலிசிஸ் செய்தார்கள். பதினொன்றாம் நாள் தொண்டையில் ஓட்டை போட்டார்கள். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நானே எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கிறேன். அப்பா கையில் பார்த்தபோதுதான் அது என்ன என்று தெரிந்தது. 17-ஆம் நாள் இறந்தார். கட்டியிருந்த கையை அவிழ்த்துத்தான் எடுத்துவந்தோம்.

அந்த மருத்துவமனையில் யாரும் மருந்தில் தவறு செய்யவில்லை. ஆனால் 17 நாளில் ஒருவர்கூட எங்களை உட்காரவைத்து, இவருக்கு இதிலிருந்து மீண்டு பழையபடி திண்ணையில் உட்காரும் வாய்ப்பு எவ்வளவு, அவர் எதை விரும்பியிருப்பார் என்று கேட்கவில்லை. 22 ஆண்டு அதே வேலை பார்த்த நானும் கேட்கவில்லை. மகளாக நிற்கும்போது செவிலி காணாமல் போய்விடுகிறாள். ஆகவே, உங்களுக்கு ஏன் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

யாரை ஐ.சி.யு.வில் சேர்க்க வேண்டாம் என்பதையும் அந்த வழிகாட்டுதல் பேசுகிறது. விவரம் எல்லாம் தெரிந்துகொண்டு நோயாளியோ நெருங்கிய உறவினரோ வேண்டாம் என்றால் சேர்க்கக் கூடாது. தனக்கு அப்படிப்பட்ட சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தவரைச் சேர்க்கக் கூடாது. நோய் முற்றி, எந்தச் சிகிச்சையும் பயன் தராது என்று மருத்துவர்கள் கருதும் கடைசிக் கட்டத்தில் இருப்பவரைச் சேர்க்க வேண்டியதில்லை. நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் கைவிட்டதாக ஆகாது, கொன்றதாகவும் ஆகாது. ஊர் அப்படிப் பேசும். பேசுகிற ஊர் அந்த நாற்காலியில் வந்து உட்காராது.

இப்படி எழுதி வைப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதிதான் என்று சொல்லி முன்விருப்ப ஆவணத்தை அனுமதித்தது. அப்போது வைத்த நடைமுறை மிகச் சிக்கலாக இருந்ததால், 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டெட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தனக்குப் பேச முடியாமல் போனால் யார் தனக்காக முடிவெடுக்கலாம் என்றும் அதில் எழுத வேண்டும். ஏற்கெனவே போட்டிருக்கும் உயிர்தாங்கு சிகிச்சையை நிறுத்துவதற்கும் வழி உண்டு. மருத்துவமனையே அமைக்கும் மூன்று மருத்துவர் குழு பார்க்க வேண்டும், அதன்பின் இன்னொரு மூன்று மருத்துவர் குழு பார்க்க வேண்டும், இரண்டும் ஒத்துக்கொண்டால் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டுச் செய்யலாம். உங்கள் அப்பாவோ அம்மாவோ நல்ல நினைவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அபசகுனம் என்று தள்ளிப்போடாதீர்கள். கல்யாணத்துக்குக் கேட்கிறோம், நிலத்துக்குக் கேட்கிறோம். இதையும் கேட்கலாம்.

ஐ.சி.யு. வேண்டாம் என்றால் வைத்தியமே வேண்டாம் என்று ஆகிவிடாது. மூச்சுத்திணறலை அடக்க மார்ஃபின் இருக்கிறது. வலிக்கு மருந்து இருக்கிறது. வறண்ட வாயை ஈரப்படுத்தப் பஞ்சும் தண்ணீரும் போதும், அதை நீங்களே செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சை கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எல்லாருக்கும் இவ்வளவு தெளிவாக இருக்காது. மீள்வாரா மாட்டாரா என்று பெரிய டாக்டருக்கே தெரியாத நிலைதான் அதிகம். அப்போது என்ன செய்வது? கெடு வைத்து முயற்சி செய்வது. “மூணு நாள் பார்ப்போம். அதுக்குள்ள ரத்த அழுத்த மருந்து குறையணும், கண் திறக்கணும். குறைஞ்சா மேல போவோம். குறையலைன்னா மறுபடி உட்கார்ந்து பேசுவோம்” என்று முதல் நாளே பேசிக்கொள்வது. நோய்க்குத் தகுந்தபடி கெடு மாறும். பாம்புக் கடிக்கு ஒரு கெடு, மூளையில் ரத்தக்கசிவுக்கு ஒரு கெடு. இதைச் செய்கிற மருத்துவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களுடைய நோயாளிகளின் குடும்பங்கள் அழுதார்கள். ஆனால் அடிக்க வரவில்லை.

வெளியே வருவதைப் பற்றி. நல்லபடியாகத் தேறியவர்களுக்கே இதில் ஆபத்து இருக்கிறது. எந்தக் காரணத்துக்காக உள்ளே போனாரோ அது தணிந்து, ரத்த அழுத்தம் மருந்து இல்லாமல் நின்று, மூச்சு தானாக இழுத்து, இருமிச் சளியை வெளியே தள்ளும் பலம் வந்தால் அனுப்பலாம். அதற்குமேல் ஒரு நாளும் உள்ளே வைத்திருக்கக் கூடாது. அங்கே வெளிச்சம் அணையாது, தூக்கம் வராது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் அங்கேதான் அதிகம். தீவிர நோயில் படுத்தவர்களின் தொடைத் தசையை அளந்து பார்த்தபோது பத்தே நாளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தது. பயத்தில் “இன்னும் ரெண்டு நாள் உள்ளேயே இருக்கட்டும் சிஸ்டர்” என்று கெஞ்சுவீர்கள். வேண்டாம்.

அவசரமாகத் தள்ளிவிடுவதும் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்கு விபத்தில் அடிபட்டவர் வருகிறார், படுக்கை வேண்டும். இருப்பவர்களில் யார் கொஞ்சம் பரவாயில்லையோ அவரை வார்டுக்குத் தள்ளுகிறோம். நானே தள்ளியிருக்கிறேன். இங்கிலாந்தில் இதை ஆராய்ந்தவர்கள், இரவில் வெளியே அனுப்பப்பட்டவர்கள் பகலில் அனுப்பப்பட்டவர்களைவிட அதிகம் இறக்கிறார்கள் என்று 2000-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். அதனால் இரவில் மாற்றச் சொன்னால், காலைவரை பொறுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், ஐ.சி.யு.வுக்கும் வார்டுக்கும் இடைப்பட்ட கண்காணிப்புப் பிரிவான எச்.டி.யு.வில் ஒரு படுக்கை கிடைக்குமா, இன்று இரவு வார்டில் இவரை யார் பார்ப்பார்கள், எது நடந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வார்டு நர்ஸிடம் ஐ.சி.யு. நர்ஸ் நேரில் சொல்லி ஒப்படைத்தாரா என்று பாருங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் தப்பிய உயிர்கள் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் கொடுமையானது பணம் தீர்ந்து வெளியே போவது. பூச்சிமருந்து குடித்த இருபத்து நான்கு வயதுப் பையன். தனியாரில் நான்கு நாள் வென்டிலேட்டர். தாலிக்கொடிவரை அடகுக்குப் போய்விட்டது. இன்னும் ஐந்தாறு நாள் தாங்கினால் மீண்டிருப்பான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் அப்பா “என் சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறேன்” என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். அது அவருடைய விருப்பம் இல்லை என்பது அந்தக் காகிதத்தை நீட்டிய எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் ஓர் ஆளை உட்காரவைத்து, மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே அவனைக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது, அவரை முதல் நாளிலேயே தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, இது பத்துப் பதினஞ்சு நாள் விவகாரம். கையில எவ்வளவு இருக்கு? இப்பவே ஜி.எச்.சுக்கு மாத்திடலாமா?” என்று கேட்பதுதான்.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகலாம் என்பதைச் சேர்த்த அன்றே கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. இந்தச் சிகிச்சை அதில் வருமா, இந்த மருத்துவமனை அதில் இருக்கிறதா என்று காப்பீட்டு மேசையில் விசாரியுங்கள். அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதாக இருந்தால் பணம் தீரும்வரை காத்திருக்காதீர்கள். நோயாளி பயணத்தைத் தாங்கும் நிலையில் இருக்கும்போதே, அங்கே படுக்கை இருக்கிறதா என்று மருத்துவரை விட்டே பேசச் சொல்லி, வென்டிலேட்டர் வசதியுள்ள ஆம்புலன்ஸில் மாற்றுங்கள். பயனில்லை என்று ஐ.சி.யு.விலிருந்து வெளியே அனுப்புவது மருத்துவ முடிவாக இருக்க வேண்டும், பணத்தட்டுப்பாட்டை வைத்து எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது என்பது அமைச்சகத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிற வரி.

இனி மீள வழியில்லை என்று தெரிந்து, மூச்சு இருக்கும்போதே வீட்டு வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று கூட்டிப் போகிறவர்களும் உண்டு. நம் வழக்கம் அது, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் எந்த மருந்தும் கையில் இல்லாமல் வெறும் கையெழுத்தோடு போகாதீர்கள். வீட்டில் குழாயை எடுத்ததும் அவர் திணறுவதைப் பார்த்த பிள்ளைகள், அதைச் சாகும்வரை மறப்பதில்லை. திணறல் இல்லாமல் போவதற்கு என்ன மருந்து, யார் கொடுப்பது, எங்கள் ஊர் டாக்டரிடமோ நர்ஸிடமோ நீங்கள் பேசுவீர்களா என்று கேட்டு, அந்த ஏற்பாடு ஆன பிறகு கிளம்புங்கள். அதைச் செய்து தருவது மருத்துவமனையின் பொறுப்பு.

மீண்டு வீட்டுக்கு வந்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரி அலறி எழுந்திருப்பார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கட்டிப்போட்டார்கள் என்பார். எங்களிடம் வந்த ஓர் அம்மாவை, வீட்டுக்குப் போன பின் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பேய் இல்லை. ஐ.சி.யு.வில் மூளை பட்ட பாடு. பெரும்பாலும் தணிந்துவிடும். தசை திரும்ப மாதக்கணக்காகும். மெதுவாக நடக்கவையுங்கள், முட்டையும் பருப்பும் கொடுங்கள், தனியாக விடாதீர்கள்.

இந்த மடலைப் படிக்கும்போது உங்கள் வீட்டில் யாரும் ஐ.சி.யு.வில் இல்லாமல் இருந்தால், வெட்டிப் பத்திரப்படுத்தி வையுங்கள். இப்போதே அந்த நாற்காலியில் இருந்தால், காலை ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் வெளியே வருவார். கூட்டமாகப் போகாமல் குடும்பத்தில் நிதானமான ஒருவர் மட்டும் எழுந்து போய்க் கேளுங்கள்: “டாக்டர், எங்க அம்மாவை எதுக்காக உள்ள வெச்சிருக்கீங்க? என்ன ஆனா வெளிய அனுப்புவீங்க? அது ஆகலைன்னா, எந்த நாள் நம்ம உட்கார்ந்து பேசலாம்?” அவர் சொல்லும் நாளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாள் வந்ததும் மறுபடி எழுந்து போங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்
மதுரை மாவட்டம்